கிரேக்க பாஸ்தா சாலட்: ஒரு வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கோடைக்கால உணவுகளுக்கான பக்கத்தில் கிரேக்க பாஸ்தா சாலட் செய்முறை வந்திருந்தது. என் மருமகள்தான் பேப்பரை நீட்டி, "மாமா, நீங்க கப்பல்ல செஞ்சதுன்னு சொல்லுவீங்களே, இதுதானா?" என்று கேட்டாள். வாங்கிப் படித்தேன். பெயர் அதுதான். மயோனைஸ் போடச் சொல்லியிருந்தார்கள். ஃபெட்டா சீஸுக்குப் பதில் பனீர் என்றிருந்தார்கள். அது அவரவர் நாக்கு என்று விட்டிருப்பேன். ஆனால் கடைசி வரியில், காலையில் செய்து மேசையில் மூடி வைத்துவிட்டால் இரவு வரை எடுத்து எடுத்துச் சாப்பிடலாம் என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். 1984-இல் மெஸ்மேனாக, அதாவது சாப்பாடு பரிமாறும் உதவியாளாக, சரக்குக் கப்பலில் ஏறினேன். 2015-இல் சீஃப் குக்காக இறங்கினேன். அதில் பதினோரு வருஷம் கிரேக்க முதலாளிகளின் பல்க் கேரியர்களில், அதாவது தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்களில், போனது. இந்த சாலட்டை நான் கற்றுக்கொண்டது 1997 ஆகஸ்ட் மாதம், கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பெராமாவில். கப்பல் பழுதுபார்ப்புக்காக, தண்ணீரிலிருந்து வெளியே நிறுத்தும் டாக்கில் ஏறியிருந்தது. டாக்கில் ஏறிவிட்டால் ஏசியைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் கிடையாது, ஆகவே ஏசி ஓடாது. வெளியே வெல்டிங் வேலை, உள்ளே இரும்புச் சுவர், அதில் நடு ஆகஸ்ட் வெயில். சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்தால் நிற்க முடியாது. இருபத்திரண்டு பேருக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். சூடான குழம்பும் சோறும் வைத்தால் பாதிப் பேர் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

கேப்டன் கியோஸ் தீவுக்காரர். அவர் மனைவியும் அந்தக் கோடையில் கப்பலில் இருந்தார். அவரை நாங்கள் கிரியா என்று கூப்பிடுவோம். கிரேக்க மொழியில் அது மேடம் என்பது போல மரியாதையான சொல். திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். வாரம் ஒரு நாள் தெருவை அடைத்துப் போடும் சந்தை. லைக்கி என்பார்கள். நம் ஊர் வாரச்சந்தை மாதிரியேதான், கூவி விற்பது உட்பட. உப்புநீரில் கிடந்த ஃபெட்டாவைப் பாளமாக வெட்டிக் கொடுத்தார்கள். ஓரெகனோவைக் காம்போடு காயவைத்துக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர்கள் அதை ரீகனி என்கிறார்கள். கிரியா ஒரு கட்டை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். ஓமமும் கற்பூரவல்லியும் சேர்ந்த வாசனை.

கிரேக்கர்களின் வீட்டு சாலட்டில் பாஸ்தாவே கிடையாது. அதை முதலில் சொல்லிவிட்டார். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், ஆலிவ், மேலே ஒரு பாளம் ஃபெட்டா, தாராளமாக ஆலிவ் எண்ணெய். இதற்கு ஹோரியாத்திகி என்று பெயர், கிராமத்து சாலட் என்று அர்த்தம். லெட்டூஸ் என்ற இலைக்கோசு அதில் வராது. ஆனால் டாக்கில் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறவனுக்கு இது வயிற்றுக்குப் போதாது, அதனால் பாஸ்தா சேர்ப்போம் என்றார். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் ஒரே ஒரு முறை அடுப்பு, அதோடு சரி. மயோனைஸ் போட்ட பாஸ்தா சாலட்டும் அந்த ஊரில் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தக்காளியும் வெள்ளரியும் ஃபெட்டாவும் சேர்ந்த பிறகு மயோனைஸ் எதற்கு? தக்காளிச் சாறும் எண்ணெயும் கலந்து ஊறுவதுதான் இதன் ருசி. மயோனைஸ் எல்லாவற்றையும் ஒரே வழவழப்பாக்கிவிடும்.

உங்கள் பக்கத்தில் வந்த முறையில் பாஸ்தாவை இருபது நிமிடம் வேகவிடச் சொல்கிறார்கள். குழைந்துவிடும். நாலு பேருக்கு 250 கிராம் பாஸ்தா, இரண்டரை லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு. திருகு வடிவமோ குழாய் வடிவமோ நல்லது. எண்ணெய் பள்ளங்களில் தங்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், பாஸ்தாவும் ஆறினால் அப்படித்தான் விறைக்கும். அதற்காகத்தான் அந்த ஒரு நிமிடம்.

வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் புரட்ட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், கொஞ்சம் உப்பு, மிளகு கலந்து ஊற்றிவிட வேண்டும். முழுக்க ஆறவிட்டு ஊற்றினால் அது பாஸ்தாவின் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே போகாது. இளஞ்சூட்டில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் பாதியை உறிஞ்சிவிடும். சிவப்பு ஒயின் வினிகர் கிடைக்காதவர்கள் எலுமிச்சைச் சாறு பிழியலாம்.

கிரியா தக்காளியைக் கையாண்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். துண்டுகளாக்கி உப்புத் தூவி, ஓட்டைப் பாத்திரத்தில் போட்டு, கீழே ஒரு கிண்ணம் வைப்பார். கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாகச் சாறு இறங்கியிருக்கும். அதைக் கொட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். எண்ணெயும் வினிகரும் கலக்கும்போது அந்தச் சாற்றையும் அதோடு சேர்த்தார். தக்காளித் துண்டு நீர் விட்டு சாலட்டைச் சொதசொதப்பாக்காது, சாறும் வீணாகாது. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து பத்து நிமிடம் வினிகர் கலந்த தண்ணீரில் போட்டு வைப்பார், காரம் குறைந்துவிடும். கடைசியில் ஃபெட்டாவைக் கையாலேயே உதிர்த்துப் போட்டு, ஓரெகனோவை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சாலட்டுக்கு மேலேயே கசக்கினார். இலை பொடியாகி விழ, வாசனை சமையலறை முழுவதும் எழுந்தது. அன்று ஒரு தட்டும் திரும்பி வரவில்லை. கிண்ணத்தின் அடியில் தேங்கிய எண்ணெயையும் சாற்றையும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்கள். அதற்கென்றே அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: பபாரா.

பனீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெட்டா என்ற பெயருக்காக அந்த நாட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் பசும்பாலில் செய்து அதே பெயரில் விற்றார்கள். 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்தது, 2005-இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதத்துக்குக் குறையாமல் பக்குவப்பட வேண்டும். பனீர் அப்படியில்லை. பாலைத் திரித்துப் பிழிந்ததும் முடிந்தது, உப்பும் கிடையாது, புளிப்பும் கிடையாது. ஃபெட்டா விலை எனக்கும் கட்டுப்படியாகவில்லை, வீட்டில் பனீர்தான் போடுகிறேன். ஆனால் அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பும் ஒரு எலுமிச்சைச் சாறும் கலந்து, பனீர்த் துண்டுகளை அதில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு நாள் ஊறவைத்த பிறகு. ஓரெகனோ இல்லையென்றால் கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போடலாம். எங்கள் மாடித் தொட்டியில் அதுதான் இருக்கிறது.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2003 ஜூன் மாதம், வேறொரு கப்பல், பாரசீக வளைகுடா. மெஸ் ரூமில், அதாவது கப்பலின் சாப்பாட்டு அறையில், ஏசி பழுதாகிக் கிடந்தது. மதியத்துக்கு இதே சாலட் வைத்தேன். மிச்சத்தை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்காமல், நாலு மணிக்கு வாட்ச் என்ற காவல் முறை வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று மேசையிலேயே மூடி வைத்தேன். இரண்டு பேர் வந்து சாப்பிட்டார்கள். வாசனையிலோ ருசியிலோ ஒரு மாற்றமும் இல்லை, நல்லா இருக்கு அண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு பேரும் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டார்கள். அதில் ஒருவன் இருபது வயதுப் பையன், முதல் கப்பல். டாக்டர் இல்லாத கப்பலில் அந்த ராத்திரி அவன் தலைமாட்டில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியும்போது கண் திறந்து தண்ணீர் கேட்டான். அதுவரை எனக்கு உயிர் இல்லை.

வெந்த சோறு, வெந்த பாஸ்தா இரண்டிலும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். வேகவைத்தாலும் அதன் விதைத்துகள் சாகாது. ஆறவிட்டு வெளியே வைத்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு இருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை எந்தக் கணக்கில் வரும் என்று யோசியுங்கள். இந்த சாலட்டில் உப்பும் புளிப்பும் இருப்பதால் கெடாது என்று நினைக்க வேண்டாம். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே கலந்ததும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது வேண்டியதை மட்டும் எடுத்து, உப்பு பார்த்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள், குளிர்ச்சியில் உப்பு குறைந்த மாதிரி தெரியும். பயணத்துக்குக் கொண்டுபோனால் ஐஸ் போட்ட பெட்டியில்தான். தட்டில் மிஞ்சியதைத் திரும்பப் பாத்திரத்தில் சேர்க்காதீர்கள்.

இப்போது பள்ளி விடுமுறை. உங்கள் இணைப்பைப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மயோனைஸ், பனீரையெல்லாம் திருத்தச் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் வருகிற ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், கண்ணில் படும்படி திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
தூத்துக்குடி