யன்னலோர ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு வேலைக்கும் உறவினரைப் பார்க்கவும் இலங்கை மலையகத்திலிருந்து விமானம் ஏறுவோர் பெருகிவிட்டார்கள். ஆனால், கொடுத்த ஆசனத்தில் பேசாமல் உட்கார்ந்து போய் வருகிறவர்களே அதிகம். யன்னலோரத்தைக் கேட்டு வாங்கலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வரைபடத்தில் கோலாலம்பூருக்கும் நம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையே ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கோடு கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கம் கரையேறி, நுவரெலியாவை ஒட்டி, நம் மலைகளைக் குறுக்காகக் கடக்கும். சிங்கப்பூரிலிருந்து போட்டாலும் அப்படித்தான். விமானம் இந்த வழியில் வந்தால் மலைகளுக்கு மேல் வரும்போது இறங்கத் தொடங்கியிருக்கும். ஆகவே எல்லாம் கிட்டத்தில் தெரியும். இடப்பக்கம் சிவனொளிபாதமலை, காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். வலப்பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கமும் நக்கிள்ஸ் மலைத்தொடரும்.

என் மகளைப் பார்த்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து திரும்பியபோது, மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த பெண் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். வீட்டு வேலைக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறவர். கீழே மலைகள் தெரியத் தொடங்கியதும் என் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார். எழுந்து இடம் மாறிக் கொடுத்தேன். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, "டீச்சர், இது எங்கள் மவுசாக்கலைதானே?" என்று கேட்டார். ஆம், பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்துக் கிடக்கும் அதே நீர்த்தேக்கம்தான். அதன் கரையில் பிறந்து வளர்ந்தவர் முழு வடிவத்தையும் அன்றுதான் கண்டார். ஒரு வரிசை தள்ளி, யன்னலோரத்தில் இருந்தவர் மறைப்பை இழுத்து மூடிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சென்னைக்குப் போகிறவர்கள் இரண்டு வழிக்கும் இடப்பக்கத்தையே கேளுங்கள். வடக்கே போகும்போது அந்தப் பக்கம்தான் மன்னார்க் கடலும் இராமர் அணை மணல் திட்டுகளும் இருக்கின்றன. காலை விமானமென்றால் வெயில் எதிர்ப்பக்கத்தில் விழும், கண் கூசாது. திரும்பி வரும்போது அதே இடப்பக்கம் கிழக்கு நோக்கும். வானம் தெளிந்திருந்தால் மலைத்தொடர் நீலமாக எழுந்து நிற்கும்.

நடுவே ஒரே நடைவழி கொண்ட சிறிய விமானங்களில் 'ஏ', 'எஃப்' எழுத்துள்ள ஆசனங்கள் யன்னலோரம். பெரிய விமானங்களில் பெரும்பாலும் 'ஏ'யும் 'கே'யும். ஆனால் எழுத்து மட்டும் பார்த்தால் போதாது, வரிசையையும் பார்க்க வேண்டும். நடு வரிசைகளில் இறக்கைதான் தெரியும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் எஞ்சினின் வெப்பக் காற்றில் காட்சி கலங்கும். முன் வரிசை கிடைத்தால் விடாதீர்கள். இல்லையேல் கடைசிப் பக்கம் போய்விடுங்கள்.

காலமும் முக்கியம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மேற்குச் சரிவுகள் முகிலுக்குள் போய்விடும். ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் காலை வேளை, மிக நல்லது.

முன்கூட்டியே ஆசனம் தெரிவுசெய்யப் பல நிறுவனங்கள் கட்டணம் கேட்கின்றன. பணம் இல்லாதவர்கள் செக்-இன் (பயணத்துக்கு முன் பெயரைப் பதிந்து ஆசனம் பெறுவது) தொடங்கும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு உடனே முயலலாம். விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய், கவுன்டரில் வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும். கேட்பதற்குக் காசு இல்லை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பயண முகவர்களே, கடவுச்சீட்டை வாங்கும்போதே "யன்னலோரம் வேண்டுமா, எந்தப் பக்கம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதன்முதலாகப் பறக்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு அதைத் தானாகக் கேட்கத் தெரியாது. தங்கள் பத்திரிகையும் வார இதழில் இந்த வழிகளை வரைபடத்தோடு வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை