இந்த முறை பார்சல் வேண்டாம் அக்கா

அக்கா,

போனில் கதைத்தால் நான் அழுவேன், இல்லாவிட்டால் நீங்கள் அழுவீர்கள், அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் என் மகனுடைய பிறந்தநாளுக்கு, காட்டு விலங்கொன்றை அவன் பெயரில் தத்தெடுத்ததாகப் பொம்மையும் சான்றிதழும் வருமே, அந்தத் தத்தெடுப்புப் பார்சல் அனுப்ப வேண்டாம். பனிக்கரடி, புலி, ஆமை எல்லாம் சான்றிதழோடு அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. அதுகளின் வயிற்றுக்குள் இருப்பதும் பிளாஸ்டிக் பஞ்சுதான். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகளும் செத்த ஆமைகளும் கரை ஒதுங்கியதைப் பார்த்த ஆட்கள் நாங்கள்.

சரி, காரணம் அதுவல்ல என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நாங்கள் எல்லாரும் போன அந்த ஆமைக் குஞ்சு பொரிக்கும் இடத்தில் நல்ல உச்சி வெயில். ஆசையோடு டிக்கெட் எடுத்தது நீங்கள். அங்கிருந்தவர் தொட்டியிலிருந்து குஞ்சொன்றை எடுத்து இவன் கையில் வைக்க வந்தார், நீங்கள் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தீர்கள், இவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "பெரியம்மா, இப்ப விட்டா காகம் தின்னும். இருட்டினாப் பிறகுதான் விட வேணும்." அதோடு விட்டானா? முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கருவின் பலத்தில்தான் குஞ்சு ஆரம்பத்தில் நிற்காமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போகுமாம், தொட்டியில் அடைத்து வைத்தால் அந்தப் பலமெல்லாம் அங்கேயே சுற்றிச் சுற்றித் தீர்ந்துவிடுமாம். வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, தமிழில் ஒரு முழுப் பிரசங்கம். எங்கிருந்து படித்தான்? நீங்கள் அனுப்பிய ஆமையோடு வந்த புத்தகத்திலிருந்துதான். இரவுகளில் மடியில் வைத்துத் தமிழில் சொல்லிக் கொடுத்தது நான்.

உங்கள் பரிசு வேலை செய்தது அக்கா! அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. உங்கள் முகம் கறுத்துப்போனது. "வாய் கூடிப்போச்சு, வளர்ப்பு அப்படி" என்றீர்கள். திரும்பி வரும்போது வேனுக்குள் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை, அத்தான் வீட்டாரும் இதைப் படிப்பார்கள். அவனை நான் அதட்டியிருக்க வேண்டும் என்று அம்மா இன்னமும் சொல்கிறார். உங்கள் மனம் நொந்ததற்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன், அவன் சொன்னதற்குக் கேட்க மாட்டேன். டிக்கெட் காசைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டியதும் எனக்கு மறக்கவில்லை.

பனிக்கரடி என்ன தின்னும் என்று தெரிந்த பிள்ளைக்கு, கொழும்புக்குப் பக்கத்தில், தலவத்துகொட பக்கச் சதுப்பில் மீன்பிடிப் பூனை என்ற காட்டுப்பூனை திரிவது இப்போதுதான் தெரியும். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற பெயர் கிடைத்ததே அந்தச் சதுப்புகளால்தான், எனக்கும் யாரோ சொல்லித்தான் தெரியும். பூனை பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும், நாங்கள் இன்னும் காணவில்லை. கண்டால் முதலில் பெரியம்மாவுக்குத்தான் சொல்ல வேண்டுமாம். பக்கத்தில் நடந்து கால் நோவது எனக்கு, நினைப்பு முழுக்க உங்கள் மேல்.

டிசம்பரில் வாருங்கள், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். நீங்களும் அவனும் காலையிலேயே அந்தச் சதுப்புப் பக்கம் இருக்கிற தியசரு பூங்காவுக்குப் போங்கள், நான் கூட வரவில்லை. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பைனாகுலர் கொண்டுவாருங்கள். பார்சல் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், சுங்கத்துக்கு அலைய நான் லீவு எடுக்க வேண்டும்.