சமையலறைச் சுமையைக் கணக்கிடாமல் மின் அடுப்பு வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிவாயுச் செலவைக் குறைக்க இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாம் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அந்த யோசனையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வயரிங் அந்த அடுப்பைத் தாங்குமா என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீடுகளுக்கு வயரிங் செய்துவருபவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

வீட்டு மின்சுமையைக் கணக்கிடும்போது 6 ஆம்பியர் பிளக் ஒன்றுக்கு 100 வாட், 16 ஆம்பியர் பவர் பிளக் ஒன்றுக்கு 1,000 வாட் என்று எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் நெடுநாளைய வழக்கம். பவர் பிளக்கில் எப்போதாவது அயர்ன்பாக்ஸ் செருகிய காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய சமையலறையிலோ 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட் கெட்டில், 700 வாட் ரைஸ் குக்கர் ஆகிய மூன்றும் ஒரே மேடையில் இருக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் கிளம்பும் காலை ஏழு மணி அவசரத்தில் மூன்றும் சேர்ந்து ஓடினால் 4,200 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 18 ஆம்பியருக்குச் சற்று அதிகம். மிக்ஸியையும் ஃபிரிட்ஜையும் நான் இதில் சேர்க்கவில்லை.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று சுமையைக் குறைத்துப் போடும் முறை உலகெங்கும் உண்டு. பிரிட்டனில் வீட்டுச் சமையல் அடுப்புக்கு முதல் 10 ஆம்பியரை முழுதாகவும், அதற்கு மேற்பட்டதில் 30 சதவீதத்தை மட்டுமே சேர்த்தும் கணக்கிடுகிறார்கள்; அடுப்பின் ஸ்விட்ச் போர்டிலேயே பிளக் பாயின்ட் இருந்தால் இன்னொரு 5 ஆம்பியர் கூட்டுவார்கள். அமெரிக்காவில் 12 கிலோவாட் வரையுள்ள ஒரு மின் அடுப்பை 8 கிலோவாட்டாக எடுத்துக்கொள்ள அவர்களுடைய மின் விதி இடமளிக்கிறது. ஓவனும் நான்கு தட்டுகளும் ஒரே அடுப்பில் அமைந்து, சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் தானே மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தித் தரும் அந்தச் சமையலறைகளுக்கு இவை பொருத்தமானவையே. இதே 30 சதவீதக் கணக்கை நம் வீட்டு மூன்று சாதனங்களுக்கும் போட்டால் பன்னிரண்டரை ஆம்பியர்தான் வரும். உண்மையில் ஓடுவது 18. ஆகவே, ஒரு வீட்டுச் சமையலறைக்குச் சேர்ந்து ஓடக்கூடியவற்றைத் தள்ளுபடி இல்லாமல் கூட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பல வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்கு மெயின் கேபிள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தள்ளுபடி நியாயமானது. அங்கும் காலை நேர நெரிசலை மனதில் கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அடுப்பைப் போட்டால் கருகல் வாடை வருகிறது என்று அழைத்தார்கள். போர்டைக் கழற்றினேன். டியூப் லைட்டுக்குப் போன ஒன்றரை ஸ்கொயர் (ஒன்றரை சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு) வயரிலிருந்தே லூப் எடுத்துப் பவர் பிளக் மாட்டியிருந்தார்கள். நியூட்ரல் திருகின் அருகே வயரின் மேலுறை பழுப்பேறி, விரல் பட்டதும் அப்பளம் போல் நொறுங்கியது. முதலில் 10 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வந்தவர் 20 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வயரைக் காப்பதற்காக விழுந்துகொண்டிருந்த எம்.சி.பி.யைக் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது.

இன்டக்‌ஷன் அடுப்புக்கு மெயின் போர்டிலிருந்தே தனியாக இரண்டரை ஸ்கொயர் செம்பு வயரும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் வேண்டும், கெட்டிலுக்கும் ரைஸ் குக்கருக்கும் வேறொரு இணைப்பு வேண்டும். கன்வர்ஷன் பிளக் போட்டு 6 ஆம்பியர் பாயின்ட்டில் அடுப்பைச் செருகவே கூடாது. மொத்தச் சுமை மின்வாரியத்திடம் பதிவு செய்த அளவைத் தாண்டினால் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மும்முனை இணைப்பு உள்ளவர்கள் சமையலறையையும் ஏ.சி.யையும் ஒரே பேஸில் (முனையில்) போடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மின் அடுப்பு குறித்து இனி கட்டுரை வெளியிடும்போது, வாசகர்கள் தங்கள் வீட்டுச் சாதனங்களின் வாட் அளவைக் கூட்டி 230ஆல் வகுத்துப் பார்க்கும் இந்த எளிய கணக்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
மதுரை