பாஸ்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு: மழை என்று அம்மா அப்பாவை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்

பாஸ்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் படிக்கிற, வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்து வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் வரவழைக்க விசாவுக்கு எழுதிப் போட்டிருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் போனைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மழைம்மா, இன்னொரு நாள் போகலாம்" என்று சொல்லாதீர்கள்.

என் மகன் அப்படித்தான் மூன்று சனிக்கிழமை சொன்னான். நனைந்து காய்ச்சல் வந்தால் இந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று அவனுக்குப் பயம், அது அக்கறையில் வந்த பயம், எனக்குத் தெரியும். மூன்று சனிக்கிழமையும் மாலுக்குக் கூட்டிப் போனான். அப்படி ஒரு மால் எங்கள் ராயப்பேட்டையிலேயே இருக்கிறது, அதைப் பார்க்க இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வர வேண்டியதில்லை.

இந்த ஊரில் நம்மூர் மாதிரி ஐப்பசி, கார்த்திகை என்று தனியாக மழைக்காலம் கிடையாது. வருஷத்துக்குச் சுமார் 1,100 மில்லிமீட்டர் மழை, அதையும் 12 மாதத்துக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துக்கொண்டு பெய்கிறது. வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் அவர்கள் திரும்பிப் போகிற டிக்கெட் தேதிதான் வரும்.

நாலாவது சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பாஸ்டனை ஒட்டியிருக்கிற குவின்சி என்ற ஊரில் ரெட் லைன் ரயில் ஏறிப் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கிவிட்டோம். மகனுக்கு ரயிலில் இருந்துதான் மெசேஜ் போட்டேன். அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் ஓடியது இந்த நிலையத்தில்தான், 1897 செப்டம்பர் 1 அன்று. படியேறி வெளியே வந்தால் எதிரே பாஸ்டன் காமன், 1634-லிருந்து பொதுப் பூங்கா, 1830 வரை மாடு மேய்ந்த புல்வெளி. அங்கிருந்து கிளம்புகிறது ஃப்ரீடம் டிரெயில், அமெரிக்க விடுதலைச் சரித்திர இடங்களுக்கு வழிகாட்டத் தரையில் போட்ட சிவப்புக் கோடு. சில இடத்தில் செங்கல் பதித்து, சில இடத்தில் பெயிண்ட் அடித்து, 4 கிலோமீட்டர் தூரம், 16 இடங்கள். வழி கேட்க வேண்டியதே இல்லை. காய்ந்த நாளில் அந்தச் செங்கல் மங்கலாகத்தான் தெரியுமாம். மழையில் நனைந்து, அப்போதுதான் கழுவி விட்ட சிமெண்டுத் தரை மாதிரி பளிச்சென்று சிவந்து கிடந்தது.

முதலில் கிரேனரி கல்லறைத் தோட்டம். 1660-ல் தொடங்கியது, அமெரிக்க விடுதலைக்குப் பாடுபட்ட ஜான் ஹான்காக், சாமுவேல் ஆடம்ஸ், பால் ரிவியர் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். சாம்பல் நிறப் பலகைக் கற்கள் மழையில் கறுத்துப் போய், மேலே செதுக்கியிருக்கிற இறக்கை முளைத்த மண்டையோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கூட்டமே இல்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்லாக நின்று படித்துக்கொண்டே போனார், அவரை யாரும் நகரச் சொல்லவில்லை.

அப்புறம் கொஞ்ச தூரத்தில் கிங்ஸ் சேப்பல் கல்லறைத் தோட்டம். நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் இந்த இடம்தான். இங்கே ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி அடக்கமாகியிருக்கிறார், 1864-ல் இறந்தவர். இந்த ஊரைச் சுற்றியுள்ள குளங்கள் குளிர்காலத்தில் உறைந்ததும், குதிரை பூட்டிய கலப்பை மாதிரி ஒரு கருவியால் ஐஸைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெயில் நாடுகளுக்கு விற்றவர். 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். ஏற்றியது 180 டன், போய்ச் சேரும்போது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. பிறகு மெட்ராஸுக்கும் வந்தது. அப்போது அங்கே துறைமுகம் இல்லை, கப்பல் தள்ளி நிற்கும், சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரும். அந்த ஐஸை வைக்க 1842-ல் கடற்கரையில் கட்டியதுதான் நம் ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம்.

நான் திருவல்லிக்கேணியில் அந்தக் கட்டடத்திலிருந்து ஐந்து நிமிஷ நடையில் முப்பது வருஷம் குடியிருந்தவள். பஸ்ஸில் "ஐஸ் ஹவுஸ் ஒண்ணு" என்று எத்தனை ஆயிரம் தடவை டிக்கெட் வாங்கியிருப்பேன்! அந்தப் பெயருக்குக் காரணமான மனிதரின் கல்லறை பக்கத்தில், அவருடைய ஊர் மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மழை விழுந்து நிறைந்த குளங்கள்தான் உறைந்து நம் கடற்கரையில் வந்து இறங்கின என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் ஏழு வருஷமாக இருக்கிற என் மகனுக்கு இது தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொஞ்ச தூரம் நடந்தால் ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ், அந்தக் காலத்துக் கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடம். உள்ளே போக டிக்கெட் உண்டு, வாங்குங்கள், மழைக்கு ஒதுங்கி உட்கார அந்த வழியில் இதைவிட நல்ல இடம் கிடையாது. 1773 டிசம்பர் 16 அன்றும் மழை பெய்த நாள்தான். தேயிலை வரியை எதிர்த்து இங்கே நடந்த கூட்டத்துக்குச் சுமார் 5,000 பேர் வந்து, உள்ளே கொள்ளாமல் வெளியிலும் நின்றார்கள். அன்று ராத்திரி மூன்று கப்பலில் இருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, நம் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து ஆண்ட அதே கம்பெனி. பாஸ்டன் சரித்திரம் நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதை என்று உங்கள் அப்பா சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1775-ல் பிரிட்டிஷ் படை இந்த மீட்டிங் ஹவுஸின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் குதிரைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டதாம். அடிமையாகக் கொண்டுவரப்பட்டுக் கவிஞரான ஃபிலிஸ் வீட்லி இந்தச் சபையைச் சேர்ந்தவர், அந்தப் பெண்ணின் கதையை அங்கே உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

மிச்சத்தை முட்டி எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு பாருங்கள். நாங்கள் பழைய அரசு மாளிகையை வெளியே நின்று பார்த்துவிட்டு, பாஸ்டனிலேயே இருக்கிற குவின்சி மார்க்கெட்டில் சூடாக சூப் குடித்தோம். பால் ரிவியர் வீட்டுப் பக்கம் தரையில் பதித்த உருண்டைக் கல் வழுக்கும் என்று ஒருவர் சொன்னதால் அதை விட்டுவிட்டோம். பங்கர் ஹில் கோபுரத்துக்கு 294 படி, அதை நான் யோசிக்கவே இல்லை. அதற்குப் பதில் ரயிலில் காப்லி நிலையத்துக்குப் போய்ப் பொது நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம். 1895-ல் திறந்த கட்டடம், கட்டணம் கிடையாது. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். எங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் மழை விழுவதைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கிருந்து எழுந்து வர மனசில்லாமல் வந்தார்.

சரி, உங்கள் பயமும் நியாயம்தான், அதனால் இதையும் சொல்கிறேன். இங்கே மழை காற்றோடு பக்கவாட்டில் அடிக்கிறது. எங்கள் ஒரு குடை பார்க் ஸ்ட்ரீட் வாசலிலேயே திரும்பிக்கொண்டது. தலையை மூடுகிற மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பெயிண்ட் அடித்த கோட்டின் மேல் நடக்க விடாதீர்கள், நனைந்தால் வழுக்குகிறது, பக்கத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும். பையில் ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் கூடுதலாக வையுங்கள், ஒன்று போதவில்லை.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து வந்த ஓர் அம்மா