வெள்ளைப் பூ வந்துமா என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

"வெள்ளைப் பூதானே வந்தது, அப்புறம் ஏம்மா வேலை போச்சு?" என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்விதான். அம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒன்றிலும் சிவப்புப் பூ ஒன்றிலுமாக இரண்டு பொட்டலம் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லி, வெள்ளை வந்ததால்தானே உன்னை அந்த வேலைக்கு அனுப்பினோம். இப்போது விளக்கேற்றவே மனசு வரவில்லை என்கிறாய். சரி, ஏற்றாதே. பூவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தேவாரம் பாடிய சுந்தரர் பட்டதை மட்டும் கேட்டுக்கொள்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தது. மனசெல்லாம் திருவாரூரில். அதனால், சந்நிதியில் செய்யும் சத்தியம் தன்னைக் கட்டாமல் இருக்க, 'நான் சந்நிதிக்கு வரும்போது நீர் மகிழ மரத்தடியில் போய் இரும்' என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவனும் சம்மதித்தார். சம்மதித்த கையோடு சங்கிலியார் கனவில் போய், 'சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள்' என்றாராம்! வழிகாட்டுகிற லட்சணம் இது. பெரியபுராணம் இதை மறைக்காமல் சொல்கிறது.

சத்தியத்தை மீறி ஒற்றியூரைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத்தடுமாறி நம்ம பூண்டிப் பக்கம் திருவெண்பாக்கத்துக்கு வந்து, கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டார். 'உளோம், போகீர்', அதாவது 'இருக்கிறோம், நீர் போம்' என்று உள்ளேயிருந்து பதில். கண் கேட்டவருக்குக் கிடைத்தது ஊன்றுகோல். பழைய ஊர் ஏரிக்குள் போய்விட்டது; கோயிலை மேட்டில் கட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் நீ அங்கே நந்தியைத் தடவிப் பார்த்து, "ஒரு கொம்பு எங்கேம்மா?" என்று கேட்டிருக்கிறாய். சுந்தரர் கோபத்தில் அந்தக் கோலை வீசினார், பட்டு உடைந்தது என்று அங்கே சொல்வார்கள்.

காஞ்சியில் ஒரு கண் வந்தது. இன்னொன்றுக்கு ஆரூர் வரை நடந்தார். அங்கே போய்க் கெஞ்சினாரா? அடிமைகள் இப்படித் தவிக்க, நீர் மட்டும் 'வாழ்ந்து போதீரே', நன்றாக வாழ்ந்து போம் என்று பாட்டுக்குப் பாட்டு திட்டினார். அந்தத் திட்டையும் தேவாரத்தில் வைத்து, கோயிலில் பாடும் ஓதுவார்கள் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

கண் திரும்பி வந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. போகச் சொன்னவனை விடாமல், கேட்க வேண்டியதை அவனிடமே கேட்டுக்கொண்டு நடந்தாரே, அதுதான் எனக்குப் பிடிக்கும். நீயும் என்னிடம் கேட்டதை அவனிடம் கேள். மரியாதையெல்லாம் பார்க்காதே.

அப்பா உன் கணக்கில் இந்த மாத வாடகைக்குப் பணம் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே, அவருக்குக் கோபம் வரும்.

அம்மா