பேனலுக்குப் பணம் சேர்ந்துவிட்டது, பேட்டரிக்குத்தான் வேண்டும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம். நம் முதியோர் இல்லத்து மொட்டைமாடியில் 5 கிலோவாட் சோலார் போடப் போகிறோம் என்று பொங்கல் சமயத்தில் சொல்லியிருந்தோம். உள்ளூரிலிருந்தும், திருப்பூர், சென்னை, துபாய் என்று வெளியே இருக்கிற நம் பிள்ளைகளிடமிருந்தும் இதுவரை 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. பேனல், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், வயரிங், எர்த்திங் எல்லாவற்றுக்கும் இது போதும். இன்னும் வேண்டியது 2 லட்சத்து 30 ஆயிரம். அது லித்தியம் பேட்டரிக்கும், கரண்ட் போனாலும் அந்தப் பேட்டரியிலிருந்து ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கும்.

"பேட்டரி எதற்கு, எங்கள் தெருவில் பேட்டரி இல்லாமல்தானே போட்டிருக்கிறார்கள்" என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். வீடுகளில் போடுவது பெரும்பாலும் ஆன்கிரிட். பகலில் நாம் செலவழித்தது போக மிச்ச கரண்ட் மின்வாரியக் கம்பிக்குப் போய்விடும், பில் குறையும். ஆனால் லைனில் கரண்ட் போனால் அந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும், மேலே உச்சி வெயில் கொளுத்தினாலும் சரி. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடித்துவிடக் கூடாதே. வீட்டுக்கு அது பரவாயில்லை. நமக்கு சோலார் வேண்டியிருப்பதே கரண்ட் இல்லாத நேரத்துக்குத்தான்.

இல்லத்துக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வடக்கு அறையில் நான்கு பேர் படுத்த படுக்கை. முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம், கட்டில் காலில் மாட்டிய சின்ன பம்ப் அதற்குக் காற்று ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முதுகுக்கு அடியில் பலகை தட்டும். அப்புறம் இரவுப் பணியில் இருக்கிற ஒரே அக்கா, ஒருவர் மாற்றி ஒருவராகப் புரட்டிப் போட்டுக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினும் கரண்ட் போனால் நின்றுவிடும், அதை வைத்திருக்கும் தாத்தாவைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டியதும் அதே அக்காதான். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, டீசல் விலையும் இருக்கிறது, அது போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது என்பதும் இருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 75 வாட் இழுத்த பழைய மின்விசிறிகள் பதினான்கையும் மாற்றி, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறி போட்டாயிற்று. இரவில் விசிறிகள், விளக்குகள், இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ், கான்சன்ட்ரேட்டர், மெத்தை பம்ப் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். 10 யூனிட் பேட்டரி இருந்தால் ஓர் இரவைத் தாட்டிவிடலாம். பகலில் 5 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 20 யூனிட் கிடைக்கும், பேட்டரியும் நிறையும், மோட்டார் போட்டு மேல்தொட்டியும் நிறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிகூட வராத நாட்கள் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஜெனரேட்டரை விற்கப் போவதில்லை.

கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த காற்றில் வேதாரண்யம் பக்கம் நின்ற கம்பத்தைவிடச் சாய்ந்த கம்பம்தான் அதிகம், கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அதை மனதில் வைத்துத்தான் சட்டத்தை உயரமாகத் தூக்காமல் தாழ்வாக, தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லியிருக்கிறோம். உயரமாகப் போட்டால் அடியில் துணி காயப்போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், வேண்டாம். உப்பளக் காற்றுக்குச் சாதாரண இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும் என்பதால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம்தான். இதனால் விலை கொஞ்சம் ஏறியது; 2025 செப்டம்பரில் பேனலுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியதில் ஓரளவு ஈடுகட்டிக்கொண்டோம்.

அரசு மானியம் வாங்கலாமே என்றும் கேட்கிறார்கள். 78 ஆயிரம் ரூபாய் வரை தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீட்டு இணைப்புகளுக்கு. நம் இணைப்பு அந்த வகையில் வராது.

பணம் போடுகிறவர்கள் கவனிக்க. நன்கொடை தருகிறவர்களுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் 80ஜி சான்று இல்லத்துக்கு இருக்கிறது, ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிவிலக்கு கிடைக்காது, பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்குத்தான் அந்தச் சலுகையே. அப்புறம் முக்கியமான ஒன்று: வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தங்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவு நம்மிடம் இல்லை, ஒரு சின்னத் தொகை வந்தாலும் இல்லத்துக்குச் சிக்கல். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊருக்கு வரும்போது ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள், அது போதும்.

இல்லத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு தவிர வேறு எதிலும் பணம் போடாதீர்கள். தனி ஆள் யாராவது தன் ஜிபே எண்ணைக் கொடுத்தால், அவர் குழு உறுப்பினராகவே இருந்தாலும், போட வேண்டாம். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் வாசல் பலகையில் ஒட்டுகிறோம். கொடுத்தவர் பெயரைப் பேனல் சட்டத்தில் எழுதும் பழக்கம் மட்டும் கிடையாது, டியூப் லைட்டில் பெயர் எழுதிய காலம் போதும்.

ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும், அதனால் ஆவணிக் கடைசிக்குள் பணம் வந்துவிட்டால் நல்லது. பணம் தர முடியாதவர்கள் கையுதவி செய்யலாம். பேனல் ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், முக்கால் மூட்டை நெல்லைவிடக் கனம் குறைவுதான், ஆனால் நம் மாடிப்படியில் திரும்பாது. வெளிப்பக்கம் சாரம் கட்டிக் கயிற்றில்தான் ஏற்ற வேண்டும். அன்றைக்கு ஆறேழு பேர் வேண்டும், சாரக் கம்பு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இல்ல நிர்வாகக் குழு