வெளியேறச் சொல்கிறீர்கள், வழியை மேடாக்கித் தாருங்கள்

கடலூர்க் கரையோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் குப்பத்தில் நடந்த பேரிடர் ஒத்திகையின்போது, எத்தனை முறை எச்சரித்தாலும் மீனவ மக்கள் வீட்டைவிட்டு வருவதில்லை என்று உங்களில் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார். ஊருக்கு வந்தவரை எதிர்த்துப் பேசக் கூடாதென்று அங்கே அடக்கிக்கொண்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வர மறுக்கவில்லை. வருவதற்கு எங்களுக்கு இருப்பது ஒரே சாலை. தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்கு அருகே, ஆற்றை ஒட்டியே வளைந்து போகும் அந்தச் சாலை, ஊரைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. வெள்ளம் எங்கள் வாசலைத் தொடுவதற்கு முன்பே சாலை முழுகிவிடும். அதை மேடாக்கி, தண்ணீர் குறுக்கே வடிந்தோடப் போதிய சிறுபாலங்கள் கட்டித் தாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

2024ஆம் ஆண்டு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, இனி பயமில்லை என்று நாங்கள் மூச்சுவிட்ட வேளையில், மேற்கே கொட்டிய மழை சாத்தனூர் அணையை நிரப்பி, டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1,68,000 கன அடியாக ஆற்றில் இறங்கியது. முந்தைய நாள்தான் அமாவாசை. கடல் ஏறி நிற்கும்போது முகத்துவாரம் ஆற்று நீரை வாங்காது, வெள்ளம் ஊருக்குள்தான் திரும்பும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு வந்தார்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்பது அந்த அறிவிப்பில் இல்லை. அந்த ஆட்டோ திரும்பிப் போகும்போதே அதன் சக்கரங்கள் பாதி முழுகியிருந்தன.

என் மாமியாருக்கு 78 வயது. பக்கவாதத்தால் நடக்க முடியாதவர். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் பார்த்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் யாருக்கும் கால் நிலைக்கவில்லை. கடைசியில் மீன் ஏற்றும் ஐஸ் பெட்டியைக் கழுவி, சேலைகளை மடித்துப் போட்டு, அவரை அதில் கிடத்தி, என் கணவரும் கொழுந்தனாரும் இருபுறமும் பிடித்துக்கொண்டு சாலை நெடுக மிதக்கவிட்டே தள்ளிப் போனார்கள். ஓட்டம் பெட்டியை வயல் பக்கம் இழுத்த இடத்தில், மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றோம். அவர் அழவில்லை. "சுனாமியப்பகூட ரோட்டுக்கு ஓடித்தான் தப்பிச்சோம், இப்ப ரோடே கடலா கெடக்குதே" என்று மட்டும் சொன்னார்.

ஆண்கள் படகை விட்டு வராததையும் குறையாகச் சொன்னீர்கள். முன்பெல்லாம் புயல் என்றால் படகுகளை மணலில் மேடுவரை இழுத்து ஏற்றிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவோம். இன்று அந்த மணலைக் கடல் அரித்துவிட்டது. படகை வீட்டுத் தூணில் கட்டிவிட்டு இரவெல்லாம் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. கல் கொட்டுவது இதற்குத் தீர்வாகாது என்பதற்கு எங்களுக்கு வடக்கே உள்ள புதுச்சேரியே சாட்சி. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை 1980களில் கட்டிய புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்ததும், நகரக் கடற்கரை கரைந்ததும், அங்கே கல் கொட்டக் கொட்ட அரிப்பு வடக்கே அடுத்தடுத்த குப்பங்களுக்கு நகர்ந்ததும் நாடறிந்தவை. ஒரு ஊரின் முன்னால் கல்லைக் கொட்டி அடுத்த ஊரின் முற்றத்தைக் கடலுக்குக் கொடுப்பதை எத்தனை காலம் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பது? கல்லுக்குக் கிடைக்கிற பணம், உயிரோடு வெளியேற ஒரு சாலை கேட்கும்போது மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கோபத்தில் எழுதியதற்குப் பொறுத்தருளுங்கள். கடலரிப்புக்குத் தீர்வு காண ஆண்டுகள் ஆகலாம் என்பது எங்களுக்குப் புரிகிறது. சாலையை மேடாக்க அத்தனை ஆண்டுகள் தேவையில்லை. அதுவரையில், அணை திறக்கும்போது தண்ணீர் எங்களிடம் வந்து சேரும் நேரத்தையாவது அறிவிப்பில் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் உங்களில் ஒருவர் வந்து எங்களோடு அந்தச் சாலையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டுகிறோம். ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்ற மின்கம்பத்தில், வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுண்ணாம்பால் கோடிட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டுக்கு மேல் சாலையை உயர்த்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தென்பெண்ணை முகத்துவாரத்தில் வாழும் ஒரு மீனவப் பெண்